ராத்திரி ரெண்டு மணிக்கு என்ன நடந்தது?

கேள்வி: என் வீட்டுக்காரர் வாய்ப் புற்றுநோயில் போய் எட்டு மாதம் ஆகிறது. கடைசி இரண்டு மாதமும் வீட்டில் வைத்துத்தான் பார்த்தோம். மருந்து மாத்திரைக்கு அலைந்ததெல்லாம் கொழுந்தனார். போன வாரம் மருத்துவக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கடைசிக் காலப் பராமரிப்பு பற்றி ஆராய்ச்சியாம், கூட இருந்து பார்த்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். 'ஆறுற புண்ண எதுக்குக் கிளறணும்' என்று கொழுந்தனார் சத்தம் போடுகிறார். எனக்கோ பேசினால் தேவலை என்றிருக்கிறது. ஒன்றுதான் உறுத்துகிறது. கடைசி நாள் அவர் நீராகாரம் கேட்டார். புரையேறும் என்று நர்ஸ் சொன்னதால் கொடுக்கவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்ததோடு சரி. அதையும் கேட்பார்களா அக்கா?
(பெயர் வேண்டாம், மன்னார்குடி வட்டம்)

பதில்: நீராகாரத்தை முதலில் பேசிவிடுவோம். விழுங்கும் சக்தி போன பிறகு ஊற்றுகிற தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். கடைசி நாட்களில் பசியும் தாகமும் பெரும்பாலும் மங்கிவிடும், வாய்தான் காய்ந்து தவிக்கும். அதற்குச் செய்ய வேண்டியதைத்தான் நீங்கள் செய்திருக்கிறீர்கள். நர்ஸ் சொன்னதும் சரி, உங்கள் கையிலிருந்த பஞ்சும் சரி.

இதை ஏன் முதலில் சொன்னேன் என்றால், வரப்போகிற பெண் இதற்குப் பதில் சொல்ல மாட்டாள். கேட்டு எழுதிக்கொள்வதுதான் அவள் வேலை. 'நான் செஞ்சது சரியாம்மா?' என்றால், பாவம், பேனாவைப் பிடித்தபடி முழிப்பாள். தீர்ப்புக் கேட்க உட்காராதீர்கள். நடந்ததைச் சொல்ல உட்காருங்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்ன கேட்டார்கள்? 'எத்தனை மணிக்கு?' 'யார் யார் பக்கத்துல இருந்தீங்க?' அப்புறம் காபி. கருமாதி முடிந்ததும் அந்தக் கேள்வியும் நின்றுபோயிருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கு வலி ஏறியபோது மாத்திரை கையில் இருந்ததா, யாருக்குப் போன் போட்டீர்கள், எடுத்தார்களா என்று யாராவது கேட்டார்களா? ஆராய்ச்சிக்காரர்கள் கேட்பது அதைத்தான். ஆஸ்பத்திரி ராத்திரிக்குக் கேஸ் ஷீட் உண்டு. வீட்டு ராத்திரிக்கு நீங்கள்தான் சாட்சி. இங்கிலாந்தில் 2011-லிருந்து சில ஆண்டுகள், இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தபாலில் கேள்வித்தாள் அனுப்பிக் கேட்டார்கள். வலி முழுசாக அடங்கியிருந்தது என்று சொன்னவர்கள் ரொம்பக் குறைவாக இருந்தது, வீட்டில் உயிர் போனவர்களின் குடும்பங்களில்தான். வீட்டில் போனால்தான் நிம்மதி என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! இங்கேயும் 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபின் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் கிளம்பிப் போன பிறகு என்ன ஆகிறது என்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

கொழுந்தனார் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. அழுகை வரும். சிலருக்கு நாலு நாள் தூக்கம் கெடும். ஆனால் இப்படிப் பேசியவர்களில் அழுதவர்கள் கூட, பேசியிருக்க வேண்டாம் என்று நினைப்பது குறைவு என்றுதான் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. தலைத்திதிக்கு முன்னால் மனசு ஒப்பவில்லையா, 'திதி கழிச்சு வாங்க' என்று சொல்லிவிடுங்கள். நடுவில் முடியவில்லை என்றால் நிறுத்தச் சொல்லலாம், எழுந்தும் போகலாம்.

சம்மதக் கையெழுத்துப் போடுமுன், ஆராய்ச்சியின் விவரத்தைத் தமிழில் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி அது உங்கள் உரிமை. புகார் சொல்ல, ஆராய்ச்சி முறையாக நடக்கிறதா என்று பார்க்கிற நெறிமுறைக் குழுவின் போன் நம்பர் அதில் இருக்க வேண்டும். மறுத்தாலும், பாதியில் விலகினாலும் உங்கள் வீட்டில் யாருக்கும் சிகிச்சையில் குறை வரக் கூடாது. பேச்சைப் பதிவு செய்தால் யார் கேட்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை. பேரை மறைப்போம் என்பார்கள். நம் பக்கத்துக் கிராமத்தில் பேர் எதற்கு? 'வாய்க்கால் கரையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்' என்று எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடும். தொழில், தெரு, பிள்ளைகள் விவரம் எதையெல்லாம் மாற்றி எழுதுவீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்.

கொழுந்தனாரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மருந்துக்கு அலைந்தவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். சரி என்றால் அவருக்கு வேறொரு நாள் குறிக்கச் சொல்லுங்கள். அண்ணியை எதிரே வைத்துக்கொண்டு அவர் வாய் திறக்க மாட்டார்.