பாதியில் நிற்கும் விளையாட்டு: மடிக்கணினி கேள்வி பதில்

அரையாண்டு விடுமுறை தொடங்கியதிலிருந்து, கணினி விளையாட்டு மடிக்கணினியில் ஏறவில்லை என்ற கேள்விகளே மிகுதியாக வருகின்றன. கோயம்புத்தூரில் பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில், அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். "இன்ஸ்டால் ஆகவில்லை" என்று மட்டும் எழுதியவர்களுக்குப் பதில் சொல்ல இயலவில்லை. எத்தனையாவது விழுக்காட்டில் நின்றது, மறுபடி போட்டபோதும் அதே இடத்தில்தான் நின்றதா, திரையில் என்ன சொற்கள் தோன்றின என்ற மூன்றும் தெரிந்தால் பாதிப் பழுதை இயந்திரத்தைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

கேள்வி (திருப்பூர்): பனியன் கம்பெனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். மடிக்கணினி வாங்கி மூன்றாண்டுகள் ஆகின்றன. 40 ஜிபி அளவுள்ள விளையாட்டைப் போடும்போது ஒருமுறை 28 விழுக்காட்டிலும், அடுத்த முறை 61 விழுக்காட்டிலும் இயந்திரம் தானாக அணைந்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இறக்கிய கோப்பு கெட்டிருக்குமோ?

பதில்: கோப்பு கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்கும், செய்தியும் வரும். இடம் மாறி மாறி, சொல்லாமல் கொள்ளாமல் அணைகிறது என்றால் முதலில் வெப்பத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். சுருக்கி வைத்த கோப்புகளை விரிக்கும் வேலைக்குச் செயலியின் (பிராசசர்) எல்லாக் கருக்களும் (கோர்) முழு மூச்சில் ஓட வேண்டியிருப்பதால், கணக்கு எழுதும்போது தெரியாத சூடு அப்போது வெளிப்படும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயந்திரத்தையே அணைத்துவிடும்.

உங்கள் ஊரிலிருந்தும் பல்லடம், சோமனூர்ப் பக்கத்திலிருந்தும் வரும் மடிக்கணினிகளின் அடிமூடியைக் கழற்றினால் நான் வழக்கமாகப் பார்ப்பது ஒன்றுதான். விசிறிக்கும் அதை ஒட்டிய செம்புத் தகடுகளுக்கும் நடுவே, காற்றில் மிதந்து வந்த பஞ்சு படிந்து படிந்து, விரலால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வருமளவுக்குச் சாம்பல் நிறக் கம்பளியாகிக் கிடக்கும். அதை எடுத்த பிறகு அதே விளையாட்டு அதே இயந்திரத்தில் தடையின்றி ஏறியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கம்பெனியில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை நேராக அடிக்காதீர்கள். அதில் ஈரம் இருக்கும், வேகமும் மிகுதி, விசிறி தாறுமாறாகச் சுழன்று கெட்டுப்போகும். சார்ஜரை எடுத்துவிட்டு, விசிறியை ஒரு குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் எடுப்பதே போதுமானது. மூடியைக் கழற்றிப் பழக்கமில்லையென்றால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். சுத்தம் செய்த பிறகும் இடம் மாறி மாறி நின்றால், விண்டோஸிலேயே இருக்கும் நினைவகச் சோதனையை ஒருமுறை ஓட்டி, ரேம் பழுதாகவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி): நண்பனிடமிருந்து நிறுவல் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவந்தேன். பென்டிரைவில் 50 ஜிபி காலியாக இருந்தும், ஒரு கோப்பு மட்டும் பெரிதாக இருக்கிறது என்று ஏற மறுத்தது. வேறொரு பென்டிரைவில் எல்லாம் ஏறின. ஆனால் நிறுவும்போது ஒவ்வொரு முறையும் 63 விழுக்காட்டில் சிஆர்சி பிழை என்று நிற்கிறது.

பதில்: இவை இரண்டு வேறு சிக்கல்கள். முதல் பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருக்கிறது. அந்த முறையில் எவ்வளவு இடம் மீதமிருந்தாலும் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக்கோப்பு ஒன்றை எழுத முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள்.

இரண்டாவதில், எழுதிய கோப்பே சிதைந்திருக்கிறது. அறுபத்து மூன்றிலேயே திரும்பத் திரும்ப நிற்பது அதற்குச் சான்று. செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலச்சொடுக்கி, அதன் கைரேகை போன்ற ஷா-256 எண்ணைப் பாருங்கள்; நண்பரின் கணினியிலுள்ள கோப்பிலும் அதே எண் வர வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் நகல் கெட்டது என்று பொருள். இரண்டாவது பென்டிரைவ் நடைபாதைக் கடையில் மலிவாகக் கிடைத்ததா? அட்டையில் 64 ஜிபி என்று அச்சிட்டிருந்த ஒன்றை வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். கணினியும் 64 என்றே காட்டியது. உள்ளே உண்மையில் இருந்தது 8 ஜிபிதான். அதற்கு மேல் எழுதியதெல்லாம் எழுதியதுபோலத் தோன்றி, காற்றில் போயிற்று.

கேள்வி (ஈரோடு): புதிய மடிக்கணினியில், தமிழ்ப் பற்றினால், பயனர் பெயரைத் தமிழிலேயே வைத்தேன். புதிய விளையாட்டுகள் சரியாக ஏறுகின்றன. பழைய விளையாட்டு ஒன்று மட்டும் தற்காலிகக் கோப்புறையை உருவாக்க முடியவில்லை என்று சொல்லித் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. தமிழ்ப் பெயர்தான் காரணமோ?

பதில்: உங்கள் ஐயம் சரியான திசையில்தான் இருக்கிறது, பயனர் பெயரே காரணம். நீங்கள் வைத்த பெயரில் விண்டோஸ் ஒரு கோப்புறையை உருவாக்குகிறது. நிறுவி (விளையாட்டை ஏற்றித் தரும் நிரல்) தன் தற்காலிகக் கோப்புகளை அதற்குள்ளேதான் விரிக்கிறது. பழைய நிறுவிகள் பல, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு பட்டியலை அறியாமல், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக இருந்த பழைய எழுத்துப் பட்டியல்களைக் கொண்டே கோப்புறைப் பெயர்களைப் படிக்கின்றன. விண்டோஸில் தமிழுக்கு அப்படிப்பட்ட பழைய பட்டியலே கிடையாது. அங்கே தமிழ் யூனிகோடாக மட்டுமே வாழ்கிறது. ஆகவே உங்கள் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் அந்த நிறுவிக்குக் கேள்விக்குறியாகத் தெரிகிறது. கேள்விக்குறி உள்ள கோப்புறைப் பெயரை விண்டோஸ் ஏற்பதில்லை. குற்றம் நிறுவியை எழுதியவருடையதே தவிர உங்கள் தமிழினுடையதன்று.

அமைப்புகளில் கணக்கின் பெயரை மாற்றிப் பயனில்லை. திரையில் தெரியும் பெயர்தான் மாறும், கோப்புறையின் பெயர் முன்போலவே இருக்கும். ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், இன்னொரு பயனர் கணக்கைத் தொடங்கி, விளையாட்டை அதிலிருந்து நிறுவுங்கள். அன்றாட வேலைக்குத் தமிழ்ப் பெயருள்ள கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (மேட்டுப்பாளையம்): டி டிரைவில் 200 ஜிபி காலியாக இருக்கிறது, நிறுவும் இடமாகவும் அதையே கொடுத்தேன். ஆனாலும் இடம் போதவில்லை என்கிறது.

பதில்: போதாதது சி டிரைவில். நிறுவிகள் பல, விளையாட்டை எங்கே வைக்கச் சொன்னாலும், விரிக்கும் வேலையைச் சி டிரைவின் தற்காலிகக் கோப்புறையில் செய்துவிட்டுத்தான் அங்கே கொண்டுபோகும். சுருக்கிய கோப்பும் விரித்த கோப்பும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியிருப்பதால், பெட்டியில் போட்டிருக்கும் அளவைவிட மிகுதியாக இடம் பிடிக்கும். அமைப்புகளில் சேமிப்பகப் பகுதிக்குப் போய்த் தற்காலிகக் கோப்புகளை நீக்குங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையும் அந்தப் பட்டியலில் இருக்கும், தெரியாமல் அதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். 256 ஜிபி என்று வாங்கியது 238 என்று காட்டுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதில் மோசடி இல்லை. தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

கேள்வி (கோபிசெட்டிபாளையம்): அண்ணா, அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினியை நான் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் 7 இருக்கிறது. விளையாட்டு வாங்கும் ஸ்டீம் மென்பொருள் திறக்கவே மாட்டேன் என்கிறது.

பதில்: தம்பி, ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் உன் இயந்திரத்தின் ரேம் எவ்வளவு, வரைகலை அட்டை எது என்பது தெரியும். ரேம் 2 ஜிபி என்றால் புதிய விண்டோஸைத் திணித்து அதை நோகடிக்க வேண்டாம். இணையத்தைக் கேட்காத பழைய சிறு விளையாட்டுகள் அதில் அழகாக ஓடும்.

கேள்வி (உடுமலைப்பேட்டை): 2005 வாக்கில் வாங்கிய விளையாட்டின் அசல் குறுந்தட்டை, யுஎஸ்பி டிவிடி டிரைவ் வாங்கி விண்டோஸ் 11-இல் போட்டேன். ஏறுகிறது, ஆனால் தொடங்க மறுக்கிறது.

பதில்: அக்காலத் தட்டுகள் பலவற்றில் நகலெடுப்பதைத் தடுக்க சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதற்குத் துணைநின்ற டிரைவர் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால், விண்டோஸ் 10 முதல் மைக்ரோசாஃப்ட் அதை ஏற்பதில்லை. காசு கொடுத்து வாங்கியவரே வெளியே நிற்க நேர்வது அநியாயந்தான். அதே விளையாட்டு ஜிஓஜி தளத்தில் பூட்டில்லாமல் விற்பனைக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (கரூர்): எம்எஸ்விசிபி140 என்ற டிஎல்எல் கோப்பு இல்லை என்கிறது. அந்தக் கோப்பை மட்டும் தரும் தளங்கள் நிறைய இருக்கின்றனவே?

பதில்: அந்தத் தளங்களின் பக்கமே போக வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்தில் அந்தக் கோப்பு அடங்கிய விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற தொகுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. 64-பிட் விண்டோஸாக இருந்தாலும் எக்ஸ்64, எக்ஸ்86 (32-பிட் நிரல்களுக்கானது) இரண்டையும் நிறுவிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேள்வி (பெருந்துறை): பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன், விளையாட்டை ஏற்றுவதற்கு ஆன்டிவைரஸை நிறுத்த வேண்டும் என்று ஒரு வீடியோவில் சொன்னதாகக் கேட்கிறான். அதே கணினியில்தான் நான் வங்கிக் கணக்கையும் பார்க்கிறேன். நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. கட்டணம் செலுத்தி முறையாக வாங்கிய விளையாட்டு எதற்கும் பாதுகாப்பை முழுவதுமாக நிறுத்த வேண்டிய தேவை எனக்கு இதுவரை வந்ததில்லை. பூட்டை உடைத்துச் சுற்றுக்கு விடப்பட்ட பிரதிகளோடு வரும் குறிப்பில்தான் முதல் வரியாக அது இருக்கும். அப்படி நிறுத்திய ஒரு குடும்பத்தின் மடிக்கணினி சென்ற கோடையில் என் மேசைக்கு வந்தது. விளையாட்டு நன்றாகவே ஓடியது. கூடவே உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்களெல்லாம் வெளியே போயிருந்தன.

மகனைத் திட்டுவதற்கு முன் அவனுக்கு ஒரு வழியைக் காட்டுங்கள். எபிக் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாரந்தோறும் விளையாட்டு ஒன்றை இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஸ்டீமில் வாங்கியது உங்கள் கணினியில் சரிப்படவில்லையென்றால், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வங்கி வேலைக்கு உங்களுக்கென்று தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொண்டு, மகனுடைய கணக்கை நிர்வாகி உரிமை இல்லாததாக மாற்றிவிடுங்கள். பிறகு எதை ஏற்றுவதற்கும் அவன் உங்களை அழைத்துக் கடவுச்சொல்லைத் தட்டச் சொல்ல வேண்டியிருக்கும்.