ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

கேள்வி: லண்டனில் இருக்கும் இந்துக் குடும்பம் நாங்கள். நடந்துபோகும் தூரத்தில் நல்ல பெயரெடுத்த சர்ச் ஆஃப் இங்கிலாந்து தொடக்கப்பள்ளி ஒன்று இருக்கிறது. மகளுக்கு இப்போதுதான் மூன்று வயது முடிந்தது. இரண்டு வருடம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனால் பாதிரியார் கையெழுத்துப் போடுவார், இடம் நிச்சயம் என்கிறார்கள். போகலாமா? தப்பா?

பதில்: முதலில் கணக்கே உதைக்கிறது, அம்மா. நான்கு வயது முடிந்தபின் வரும் செப்டம்பரில் பள்ளியின் தொடக்க வகுப்பான ரிசெப்ஷன். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அதே ஆண்டு ஜனவரி 15. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் உங்கள் கையில் 17 மாதம்கூட இல்லை. சர்ச்சுக்குப் போன நாட்களை விண்ணப்பத்திலிருந்து பின்னோக்கித்தான் எண்ணுவார்கள். இரண்டு வருடம் கேட்கும் பள்ளி என்றால் நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது.

அந்தப் பள்ளி அப்படிக் கேட்கிறதா என்று பார்த்தீர்களா? சர்ச் பள்ளிகள் எல்லாம் ஒரே வகையல்ல. ‘வாலன்டரி கன்ட்ரோல்டு’ என்றால் சேர்க்கை விதி உள்ளூராட்சியான கவுன்சில் கையில்; பெரும்பாலும் வீட்டுத் தூரம்தான் பேசும். ‘வாலன்டரி எய்டட்’ என்றால் விதியைப் பள்ளியின் ஆளுநர் குழு எழுதும். அதிலும் ஒரு பகுதி இடங்களைத் தூரத்துக்கென்று ஒதுக்கும் பள்ளிகள் உண்டு. இடங்களைவிட விண்ணப்பம் குறைவாக வந்தால், மதத்தைக் காட்டி எந்தக் குழந்தையையும் மறுக்க முடியாது. அதனால் பள்ளியின் சேர்க்கை விதியை, உங்கள் மகள் சேரும் ஆண்டுக்குரியதையே, எடுத்துப் படியுங்கள். போன ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை பேர், கடைசியாக இடம் பெற்ற வீடு எவ்வளவு தூரம் என்று கவுன்சிலிடம் கேளுங்கள். நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் உங்களுக்குச் சர்ச்சே தேவைப்படாமல் போகலாம்.

சர்ச்சுக்குப் போகும் குடும்பங்களுக்கென்று ஒதுக்கும் விசுவாச இடத்துக்குக் கூடுதல் தகவல் படிவம் ஒன்று உண்டு. கவுன்சில் விண்ணப்பம் தனி, இது தனி. இது நேராகப் பள்ளிக்குப் போகவேண்டும். குழந்தை பெயர், சர்ச் பெயர், எவ்வளவு காலமாக வருகிறார்கள், மாதத்துக்கு எத்தனை தடவை, கீழே பாதிரியார் கையெழுத்து. இந்தத் தாளை அனுப்பாமல் விட்டால், எத்தனை ஆண்டு சர்ச்சுக்குப் போயிருந்தாலும் விசுவாசப் பிரிவில் சேர்க்கமாட்டார்கள். நன்கொடைக்கோ உதவி வேலைக்கோ முன்னுரிமை கொடுப்பதையும், பெற்றோரை நேர்காணலுக்கு அழைப்பதையும் இங்கிலாந்து அரசின் 2021 பள்ளிச் சேர்க்கை விதிக்கோவை தடுக்கிறது. அதனால் எஞ்சுவது எண்ணிக்கைதான். ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணலாம், விசுவாசத்தை எப்படி எண்ணுவது?

தப்பா என்று கேட்டீர்கள். போகாததைப் போனதாக எழுதினால் கிடைத்த இடத்தையே பறிக்கலாம். போனதைப் போனதாக எழுதுவது குற்றமில்லை. உங்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இந்த விதியைத்தான் குறைசொல்கிறேன். பள்ளி நடப்பது எல்லோருடைய வரிப்பணத்தில். ஞாயிறு காலை கடை திறப்பவரும், முதியோர் இல்லத்தில் ஷிப்ட் பார்ப்பவரும் அதே வரியைக் கட்டுகிறார்கள். அவர்கள் மாதம் இருமுறை ஆராதனையில் உட்கார முடியாது என்பதற்காகப் பிள்ளை ஏன் பின்வரிசைக்குப் போகவேண்டும்? சர்ச்சின் கல்விக் குழுத் தலைவராக இருந்த ஆக்ஸ்போர்டு பிஷப் ஜான் பிரிச்சர்டே 2011இல், சர்ச் குடும்பங்களுக்கான ஒதுக்கீடு 10 சதவீதம் போதும் என்றார்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: கையெழுத்துக்காக மகளுக்கு ஞானஸ்நானம். குழந்தையின் பேரில் பெற்றோர் கடவுள் முன் கொடுக்கும் வாக்கு அது. நம்பாமல் கொடுத்தால் அவர்கள் மார்க்கத்துக்கும் மரியாதையில்லை, உங்கள் மார்க்கத்துக்கும் இல்லை.

லண்டனில் விண்ணப்பத்தில் ஆறு பள்ளிகள் வரை எழுதலாம். இந்தப் பள்ளியை முதலில் போட்டு, மற்ற ஐந்தையும் நிரப்புங்கள். ஒன்றை மட்டும் எழுதினால் இடம் கூடுதலாக உறுதியாவதில்லை. பள்ளியின் விதி அந்த அரசு விதிக்கோவைக்கு முரணாக இருப்பதாகப் பட்டால், மே 15க்குள், சேர்க்கை விதி ஆட்சேபங்களை விசாரிக்கும் பள்ளி நடுவர் அலுவலகத்துக்கு ஆட்சேபம் அனுப்பலாம். அதற்கு அந்தப் பள்ளிப் பெற்றோராக இருக்கவேண்டியதில்லை.