மேக்கில் மட்டும் நின்றுபோகும் செட் கட்டளை

காட்பாடி அலுவலகத்து உபுண்டு லினக்ஸில் ஓடுகிற ஸ்கிரிப்ட் உங்கள் வீட்டு மேக்கில் மட்டும் பிழை காட்டி நின்றுபோவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். கோப்பில் உள்ள எழுத்துகளைத் தேடி மாற்றும் செட் (sed) கட்டளைக்கு, கோப்பை அதே இடத்தில் திருத்தும் ஐ (-i) விருப்பத்தைக் கொடுக்காமல், விளைவை வேறொரு கோப்பில் எழுதி, அது பிழையின்றி முடிந்தால் மட்டும் பெயர் மாற்றும் எம்வி (mv) கட்டளை கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். அதே ஸ்கிரிப்ட் இரண்டிலும் ஓடும்.

1970களில் பிறந்த செட்டை 1992இல் வந்த பாசிக்ஸ் கருவித் தரம் (யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான பொது விதி) வரையறுத்தது. ஆனால் ஐ அத்தரத்தில் இல்லை. மேக்கில் உள்ள பிஎஸ்டி வகைச் செட், ஐ விருப்பத்துக்குக் காப்புப் பின்னொட்டை, அதாவது பழைய கோப்பின் நகலுக்குப் பெயரின் கடைசியில் சேர்க்கும் எழுத்துகளை, கட்டாயம் கேட்பதால், உங்கள் மாற்றுக் கட்டளையையே பின்னொட்டாக எடுத்துக்கொண்டு, கோப்பின் பெயரைக் கட்டளையாகப் படிக்க முயல்கிறது. பிழைச்செய்தியில் கோப்பின் பெயர் தெரிவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

இரு கணினிகளிலும் sed --version என்று தட்டிக் கேளுங்கள்: உபுண்டுவின் க்னூ வகைச் செட் பதில் தரும், மேக்கின் பிஎஸ்டி செட் பிழை காட்டும்.

விளைவை > குறியால் அதே கோப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். செட் படிக்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைக் காலியாக்கிவிடும். ஆம்பூர்த் தோல் கிடங்கு ஒன்றின் சரக்குப் பட்டியல் என் கையில் 0 பைட்டாக நின்றது அப்படித்தான்.