ஃபேரி இளவரசனும் சாயங்கால போட்டோவும்

அன்புள்ள மேடம்,

வயது 27. வீடு அம்பாசமுத்திரம். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். போகவர செங்கோட்டை ரயிலில் புத்தகம்தான் துணை. போன மாதம் தோழி ஒரு ஃபேரி காதல் நாவல் கொடுத்தாள். ஃபேரி என்றால் இங்கிலீஷ் கதைகளில் வருகிற மாயசக்தி உள்ள இனம். இங்கிலீஷ், அறுநூறு பக்கம். மனுஷப் பெண் ஒருத்தியை ஃபேரி இளவரசன் தன் நாட்டுக்குக் கொண்டுபோகிறான். அவனுக்கு வயது ஐந்நூறு, பார்க்க இருபத்தைந்து!

முதல் பாதி பிரமாதம். அங்கே எதையாவது தின்றால் ஊர் திரும்ப முடியாது. ஃபேரிகளுக்குப் பொய் சொல்ல வராது, ஆனால் வார்த்தையை வளைத்தே ஏமாற்றுவார்கள். இரும்பு ஆகாது. சேரன்மகாதேவி வந்ததுகூடத் தெரியாமல் படித்தேன். அப்புறம், 'உன் பாதுகாப்புக்குத்தான்' என்று அவளை மாளிகைக்குள் வைத்துப் பூட்டுகிறான். அவள் அழுகிறாள், இரண்டே அத்தியாயத்தில் மன்னித்தும் விடுகிறாள். எனக்கு எரிச்சலாக வந்தது. தோழியோ, "ஏட்டி, அதுதாம்ட்டி லவ்வு" என்கிறாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பூட்டுகிற அத்தியாயத்தை நானும் இரண்டு தடவை படித்தேன்.

தை மாதம் எனக்குக் கல்யாணம். தினமும் சாயங்காலம் ரயில் ஏறியதும் போட்டோ அனுப்பச் சொல்கிறார் அவர். அக்கறையாம். ஒருநாள் போனில் சார்ஜ் இல்லை, அனுப்பவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. "கதை படிச்சுப் படிச்சு உனக்கு எல்லாரும் வில்லனாத் தெரியுது" என்கிறாள் அம்மா. அப்படித்தானா?

— அம்பை வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு தடவை படித்ததற்கு வெட்கம் எதற்கு? புத்தகத்தில் அந்தப் பூட்டின் சாவி உங்கள் கையில்தான் இருந்தது. அம்பை ஸ்டேஷன் வந்ததும் மூடிப் பைக்குள் போட்டுவிட்டீர்கள். ஆபத்தில்லாத இடத்தில் உட்கார்ந்து பயத்தை ருசிப்பது மனசின் பழைய பழக்கம். 'அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ' என்று 1081ஆம் குறளில் மயங்குகிறவன் ஆண், அணங்கு, அதாவது ஆளை மயக்கி வருத்தும் தெய்வம், பெண். உங்கள் நாவல் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். (இரும்பு என்றதும் எனக்கு ஆச்சி ஞாபகம். தூக்குவாளியில் கறிக்குழம்பு கொடுத்துவிட்டால், கூடவே ஓர் ஆணியும் கரித்துண்டும் வைக்காமல் அனுப்பமாட்டாள்.)

சரி, அவர் விஷயம். எனக்கு உறுத்துவது போட்டோ இல்லை, அந்த இரண்டு நாள் மௌனம். கவலைப்பட்ட மனுஷர் என்றால், நீங்கள் பத்திரமாக வீடு சேர்ந்தது தெரிந்ததுமே ஆறியிருப்பார். அதற்கு மேலும் நீண்ட கோபம், சொன்னதைச் செய்யவில்லை என்பதற்கான தண்டனை. இந்த ஒன்றை வைத்து அவரை முடிவுகட்டவும் மாட்டேன். பயத்தைச் சொல்லத் தெரியாமல் முறைத்துக்கொண்டு திரிகிற மாப்பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேரில் பார்த்துச் சொல்லுங்கள், போனில் வேண்டாம். "ரயில் ஏறினதும் ஒரு மெசேஜ் போடுறேன். போட்டோ எனக்குச் சங்கடமா இருக்கு." இவ்வளவு போதும். ஏன் என்று கேட்கிறாரா, மறுபடி பேச்சை நிறுத்துகிறாரா, இல்லை உங்கள் அம்மாவுக்குப் போன் போகிறதா என்று பாருங்கள். வேலையை விடச் சொன்னாலோ, தோழிகளோடு பேசக்கூடாது என்றாலோ, பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்று பார்க்காமல் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி வீட்டில் பேசுங்கள். அவரோடு பேசத் துணை வேண்டுமென்றால் அவரையும் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள், மூவருமாக உட்காருவோம்.

அம்மாவிடம் அந்த நாவலை ஒருநாள் கதையாகச் சொல்லுங்கள், பூட்டுகிற அத்தியாயத்தையும் விடாமல். வில்லன் யாரென்று அவர்களே சொல்லட்டும்.