வாசகர் கேள்வி: போர்ப் படம் எப்போது பிரசாரமாகிறது?

கேள்வி: குளச்சல் போரில் தோற்ற டச்சுக் கம்பெனித் தளபதி டிலனாய், மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் ஓவியத்தைப் பத்மநாபபுரம் அரண்மனையில் பார்த்தேன். வென்றவரின் அரண்மனையில் வென்றவரின் பெருமைதான் இருக்கும். கேமரா வந்த பிறகாவது போரின் உண்மை நமக்குக் கிடைத்ததா?
– வாசகர், தக்கலை

பதில்: கிடைத்தது, ஆனால் கலப்படமில்லாமல் கிடைக்கவில்லை. ஓவியத்தின் முன் நிற்கும்போது, இதை யார் வரையச் சொன்னார்கள் என்ற ஐயம் உங்களுக்கு இயல்பாகவே எழுந்திருக்கிறது. புகைப்படத்தின் முன் அந்த ஐயம் நமக்கு எழுவதில்லை என்பதே அதன் பலம்.

நம் நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் ஆங்கிலேயப் படை ஏறத்தாழ 2,000 இந்தியச் சிப்பாய்களைக் கொன்றது. சில மாதங்கள் கழித்து, 1858இல் அங்கே சென்ற பெலிசே பியாட்டோ, சிதைந்த கட்டடத்தின் முன் மனித எலும்புகள் பரவிக் கிடக்கும் புகழ்பெற்ற படத்தை எடுத்தார். அந்த எலும்புகள் படத்துக்காகவே முற்றத்தில் பரப்பப்பட்டவை. எங்கோ ஒரு கிராமத்தில் தாய் காத்திருந்த சிப்பாயின் எலும்பை, ஆங்கிலேயரின் வெற்றிக்கு அலங்காரமாக அடுக்கியிருக்கிறார்கள் என்பதை அறிந்த பின் அந்தப் படத்தை என்னால் அமைதியாகப் பார்க்க முடிவதில்லை.

1945 மே 2ஆம் தேதி பெர்லினில் ஜெர்மனியின் நாடாளுமன்றமான ரைக்ஸ்டாக் கட்டடத்தின் மேல் சோவியத் கொடி பறக்கும் படத்தை எவ்கேனி கால்தெய் எடுத்தார். கொடி பிடித்தவரைத் தாங்கி நின்ற வீரரின் இரு மணிக்கட்டுகளிலும் கடிகாரம் போன்ற ஒன்று தெரிந்தது. கொள்ளையடித்த கடிகாரம் என்று உலகம் பேசுமே என்பதால், ஒரு கையில் இருந்ததை நெகட்டிவில் ஊசியால் சுரண்டி நீக்கினார்கள். பின்னணியில் புகையையும் கூட்டினார்கள்.

எதையும் அடுக்காமல், சுரண்டாமல் எடுத்த படமும் பிரசாரமாகலாம் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடி நட்டதை ஜோ ரோசந்தால் எடுத்தார். அது நடிப்பு அல்ல. ஆனால் அந்தப் படம் போர்க்கடன் பத்திர விற்பனையின் சுவரொட்டியாகி, அந்தச் சுற்றில் சுமார் 2,600 கோடி டாலர் திரண்டது. அது வெற்றிக் கணம்போல் தோன்றினாலும், சண்டை அதற்குப் பின் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. கொடி நட்ட அறுவரில் மூவர் அதே தீவில் இறந்தார்கள். சுவரொட்டியில் அதற்கு இடமில்லை. ஆகவே படம் எடுக்கப்பட்ட விதத்தோடு, போரில் ஈடுபட்ட ஒரு தரப்பு அதை எந்தக் காரியத்துக்காக, எதை வெட்டிவிட்டு மக்கள்முன் வைக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: இறந்தவர்களை மறைப்பதுதானே பிரசாரம்? காட்டிவிட்டால் அது உண்மை ஆகிவிடாதா?
– கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

பதில்: மறைப்பது பிரசாரம் என்பதில் எனக்கும் ஐயமில்லை. டோவர் விமானத் தளத்துக்கு வரும் வீரர்களின் சவப்பெட்டிகளைப் பத்திரிகைகள் படமெடுக்க அமெரிக்க அரசு 1991 முதல் 2009 வரை தடை விதித்திருந்தது. ஆனால் காட்டுவதற்கும் கணக்கு உண்டு. நியூகினியின் பூனா கடற்கரையில் இறந்து கிடந்த மூன்று அமெரிக்க வீரர்களை ஜார்ஜ் ஸ்ட்ராக் எடுத்த படம், பல மாதங்கள் தணிக்கையில் கிடந்த பிறகே 1943 செப்டம்பரில் லைஃப் இதழில் வெளிவந்தது. போர் முடிந்துவிட்டதுபோல் மக்கள் அசட்டையாகிவிட்டார்கள் என்று அரசு கவலைப்பட்டபோதுதான் அனுமதி கிடைத்தது. படம் முழு உண்மை. அது வெளிவர வேண்டிய நேரத்தை முடிவு செய்தது அரசு.

கேள்வி: வடசேரியில் கடை வைத்திருக்கிறேன். கைப்பேசிக்கு வரும் போர்ப் படங்களில் எதை நம்புவது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: நெருக்கமாக எடுத்த படம் வந்தால், அதே இடத்தைத் தொலைவிலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாதின் பிர்தௌஸ் சதுக்கத்தில் சதாம் சிலை விழுந்த காட்சி, நெருக்கமான படங்களில் பெருங்கூட்டமாகத் தெரிந்தது. தொலைவுப் படங்களிலோ சதுக்கத்தின் பெரும்பகுதி காலியாக இருந்தது, சிலையை இழுத்தது அமெரிக்க மரைன் படையினரின் கவச வாகனம் என்பதும் தெரிந்தது. பழைய போரின் படத்துக்குப் புதுக் குறிப்பு எழுதி அனுப்புவதும் வழக்கம் என்பதால், எடுத்தவர் பெயரும் நாளும் இல்லாத படத்தை அன்றைக்கு யாருக்கும் அனுப்பாமல் வையுங்கள்.