காசு கொடுத்து வாங்கிய ஆட்டம்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன் நண்பர்களை வீட்டுக்கு வரவழைத்து, 20 வருடப் பழசான ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 1.6’ என்ற கணினித் துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தை விளையாடுகிறான். புதிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’ இலவசமாகவே கிடைக்கிறதாம். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?
– வாசகர் ஒருவர், அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: ‘இலவசமாகவே’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டுக் கொல்லையில் காய்த்துக் குலுங்கும் மல்கோவா மரத்தை, கன்று விற்ற நர்சரிக்காரரே ஒரு ராத்திரியில் வந்து வெட்டிச் சாய்க்கிறார். ‘கவலைப்படாதீர்கள், புது ஒட்டுக்கன்று இலவசம்’ என்று நட்டுவிட்டும் போகிறார். உரத்தை மாதாமாதம் அவரிடமே வாங்க வேண்டும். பழம் எந்த நிறத்தில் வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டணம். நன்றி சொல்வீர்களா?

நடந்ததைத்தான் சொல்கிறேன். 2016இல் ‘ஓவர்வாட்ச்’ என்ற இன்னொரு துப்பாக்கிச் சண்டை ஆட்டம் வந்தது. அணிக்கு ஆறு பேர்; கணினியில் ஆட 40 டாலர். 2022 அக்டோபரில் இரண்டாம் பாகம் இலவசமாக வந்தது, அணிக்கு ஐந்து பேராகக் குறைத்து. அதற்கு முந்தின நாளே பழையதன் சர்வர்களை, அதாவது ஆடுபவர்களை இணைத்து ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் கணினிகளை, நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர் கையில் அந்தப் பழைய ஆட்டம் மிஞ்சவில்லை. உங்கள் கவுன்டர் ஸ்ட்ரைக் 2ம் 2023 செப்டம்பரில் வந்ததும், 2012ஆம் ஆண்டுப் பதிப்பின் இடத்தையே பிடித்துக்கொண்டது.

1.6ஐ அப்படிப் பிடுங்க முடியாது. ஆடுபவரின் கணினியே சர்வராக இருக்கலாம். கேபிள் போட்டு இணைத்துவிட்டால், ஏற்காட்டில் மழை பிடித்து இணையம் அறுந்த நாளிலும் ‘டஸ்ட் 2’ களத்தில் சண்டை நடக்கும். புதியது 85 ஜிபி இடம் கேட்கிறது; பழையது பரணில் கிடந்த கணினியிலும் ஓடும்.

ஆட்டமாகவும் அது லேசுப்பட்டதல்ல. முதல் சுற்றில் கையில் ஆட்டக் காசு 800 டாலர். கவச உடை 650, டெசர்ட் ஈகிள் கைத்துப்பாக்கியும் 650. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. உயிரைப் பார்ப்பதா, எதிரியைப் பார்ப்பதா என்று சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். தவறினால் உங்களைச் சுட்டவன் அடுத்த நாற்காலியிலேயே உட்கார்ந்து சிரிப்பான்! அந்தச் சிரிப்புக்குப் பதிலடி கொடுக்கத்தான் பையன்கள் விடிய விடிய உட்காருகிறார்கள்.

மின்னூல்களைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் ‘காகிதப் பைத்தியம்’ என்று கடிதம் போடும் அன்பர்களும் இதைப் படிக்கட்டும். 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலை, விற்றவருக்கு உரிமை இல்லை என்று சொல்லி, வாங்கியவர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் கேட்காமலே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், உண்மைதான். அந்தப் பிரதியை வைத்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மாணவனின் உழைப்பை யார் திருப்பிக் கொடுப்பது? என் அலமாரியில் இருக்கும் அச்சுப் பிரதியில் யாரும் கைவைக்க முடியாது. அன்பர்கள் அடுத்த கடிதத்தில் இதற்குப் பதில் சொல்லட்டும்.

உங்கள் மகனிடம் இருப்பது பிடிவாதம் என்றால், அது நல்ல பிடிவாதம். புதியது எதையாவது வாங்கித் தர ஆசைப்பட்டால், ஐந்து ரோடு பக்கம் போய் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் எட்டு முனை நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றும் கேபிள்களும் வாங்கிக் கொடுங்கள். தேர்வு நெருங்கும்போது அந்தச் சுவிட்சை நீங்களே எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்ளலாம்.