மூலம்னு நெனச்சு விட்டுட்டோம் டாக்டர்

கேள்வி: அப்பாவுக்கு 48 வயசுல பெருங்குடல் கேன்சர்னு தெரிஞ்சுது, போன வருஷம் போயிட்டார். அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா மோஷன்ல ரத்தம் போச்சு, மூலம்னு நெனச்சு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்ததே நான்தான். எனக்கு 25 வயசு. இத பத்தி ஊர்ல எல்லார்ட்டயும் பேசணும்னு இருக்கு, என்ன பேசறதுன்னு தெரியல.

பதில்: மொதல்ல அந்த மாத்திரை விஷயம். விரல் விட்டுக்கூட பாக்காம மூலம்னு எழுதிக் குடுத்து அனுப்புற டாக்டருங்களே இருக்கோம், நீங்க என்னம்மா பண்ணுவீங்க. இன்னொண்ணு, ஒரே ஆளுக்கு மூலமும் இருக்கும் கேன்சரும் இருக்கும், அதனால மூலம் இருக்குன்னு தெரிஞ்சதோட தேடுறத நிறுத்தக்கூடாது.

ஊருக்குப் பேசறதுக்கு முன்னாடி சித்தப்பா, அத்தைக்கு ஒரு போன் போடுங்க. கூடப்பொறந்தவருக்கோ பெத்தவருக்கோ இது வந்திருந்தா 40 வயசுல, இல்லன்னா அவருக்குக் கண்டுபிடிச்ச வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, இதுல எது முன்னால வருதோ அப்பவே கோலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டு குடல பாக்கற டெஸ்ட், பாத்துடணும், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருக்கா. உங்க வீட்டுக் கணக்குப்படி 38. அந்த வயச தாண்டியிருந்தா சித்தப்பா இப்பவே பாக்கணும், உங்களுக்கு டைம் இருக்கு.

ஆனா 50க்குள்ள வந்திருக்கறதால லிஞ்ச் சிண்ட்ரோம்னு ஒரு பரம்பரை விஷயம் இருக்கான்னு பாக்கணும், இருந்தா இந்தக் கணக்கே மாறிடும், 20-25 வயசுலயே ஆரம்பிக்கணும். ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரில அப்பாவோட பயாப்சி பிளாக், அதாவது மெழுகுல பதிச்சு வெச்ச கட்டித் துண்டு, இன்னும் வெச்சிருக்கலாம், அதுல எம்எம்ஆர்னு லிஞ்ச் இருக்கலாமான்னு காட்டற டெஸ்ட் பண்ணிருக்காங்களான்னு கேளுங்க. வீட்டுல யாருக்காவது கர்ப்பப்பை கேன்சர், வயித்து கேன்சர் இருந்துச்சான்னும் பாட்டிகிட்ட விசாரிங்க, பெரியவங்க "வயித்துக் கட்டி"ன்னு சொல்லி முடிச்சிருப்பாங்க.

பேசுனா பலன் இருக்கா? இருக்கு. அமெரிக்கால கேட்டி கூரிக்னு டிவில செய்தி சொல்றவங்க, 1998ல வீட்டுக்காரர் 42 வயசுல இதே கேன்சர்ல போயிட்டார், 2000ல தனக்குப் பண்ண கோலனோஸ்கோபிய டிவிலயே காட்டுனாங்க, அதுக்கப்புறம் அங்க அந்த டெஸ்ட் பண்ணிக்கறவங்க கூடுனாங்க. நம்ம அரசு ஸ்கிரீனிங்ல வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் இந்த மூணுதான், குடலுக்குன்னு யாரும் வீடு தேடி வர மாட்டாங்க.

என்ன பேசறதுன்னா, பயமுறுத்தாதீங்க. மோஷன்ல ரத்தம் வந்தா ஒரு தடவயாவது டாக்டர் கையால பாக்கச் சொல்லுங்க. ரொம்ப நாளா ஒழுங்கா போயிட்டிருந்தது திடீர்னு மாறி வாரக்கணக்கா நீடிச்சா அதுவும்தான். எல்லாரும் கோட்ட விடுறது ரத்தசோகை: ஒரு ஆம்பளைக்கோ பீரியட்ஸ் நின்ன பொம்பளைக்கோ ஹீமோகுளோபின் கொறஞ்சா இரும்பு மாத்திரைய குடுத்து அனுப்பிடுவாங்க, குடல்ல வலதுபக்கம் கட்டி இருந்தா ரத்தம் கண்ணுக்கே தெரியாம கசியும், அப்ப எங்க போவுதுன்னு தேடணும். எங்க அப்பாவுக்கு இப்படித்தான் ஆச்சுன்னு நீங்க சொன்னா கேப்பாங்க, நான் சொன்னா பாதி பேர் தூங்கிடுவாங்க.

குழாய் விடறதுதான் எல்லாருக்கும் பயம். பெரும்பாலும் மயக்கம் குடுத்துதான் பண்றாங்க, பாலிப்னு குடலுக்குள்ள சின்ன சதை வளர்ச்சி இருந்தா பொதுவா அப்பவே எடுத்துடலாம், அது கேன்சரா மாறவே பத்து வருஷம் போல ஆகும். பெரிய அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்லயும் பண்றாங்க. கஷ்டம் முந்தின நாள் குடிக்கற பேதி மருந்துதான். சித்தப்பா முரண்டு புடிச்சா அன்னைக்கு கூடவே இருங்க, அந்தத் தண்ணிய ஃப்ரிட்ஜ்ல வெச்சு ஜில்லுன்னு குடுத்தா எறங்கிடும்.